செவலையின் காது

எனக்குக் குரல் பெரிசு. மூன்றாவது மாடியில் நான் பாடம் நடத்தினால் கீழே கேன்டீனில் டீ ஆற்றுகிறவருக்கும் பாக்டீரியா தெரிந்துவிடும் என்று எங்கள் கல்லூரியில் கிண்டல் செய்வார்கள். வீட்டிலும் அதே கதைதான். சின்ன வயதிலிருந்து நான் கத்திச் சொன்னால்தான் என் அண்ணன் எதையும் நம்புவான். பரீட்சையில் பெயிலான அன்றைக்கு மட்டும் மெதுவாகப் பேசினேன். "பாப்பா கம்முனு பேசுது, இன்னாவோ கீது" என்று நைனாவிடம் போய்ச் சொல்லிவிட்டான். அதற்கப்புறம் அவனிடம் மெதுவாகப் பேசுவதையே விட்டுவிட்டேன்.

திருத்தணிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறேன். வருஷா வருஷம் பாக்டீரியாவின் செல் சுவர் என்று ஒரு பாடம் வரும். பலகையில் ஒரு மாத்திரையை வரைந்து, அதைச் சுற்றி வலை போடுவேன். சர்க்கரை மூலக்கூறுகள் நீளநீளமாகச் சங்கிலி கோத்துக்கொண்டு போகும். குட்டிக் குட்டிப் புரதத் துண்டுகள் குறுக்கே ஓடி ஒரு சங்கிலியை இன்னொன்றோடு கட்டும். தறி ஓடுகிற அம்மையார்குப்பத்திலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு இதற்கு மேல் சொல்லவே வேண்டாம். "பாவும் ஊடையும் மிஸ்" என்று அவர்களே முடித்துவிடுவார்கள். ஆமாம், ஆனால் துணிக்கு ஓரம் உண்டு, இதற்கு ஓரமே கிடையாது, முழுச் செல்லையும் சுற்றிப் பின்னிய ஒரே வலை என்பேன். உள்ளே தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும். வலையில் ஓர் இடத்தில் இழை விட்டாலும் அந்த இடம் புடைத்து, செல் வெடித்துச் செத்துவிடும். பென்சிலின் செய்வது அதைத்தான். புது இழை கட்டவிடாமல் கையைப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்த வகுப்பு வித்து. எல்லா பாக்டீரியாவும் வித்து ஆகாது, சில சாதிகள்தான் ஆகும். சாப்பாடு தீர்ந்துபோனால் அந்தச் செல் தனக்குள்ளே ஒரு தடுப்பு கட்டும். நடுவில் கட்டாது, ஓரமாகக் கட்டும். பிறகு பெரிய பக்கம் சின்னப் பக்கத்தை அப்படியே விழுங்கி வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும். பெரியதற்குத் தாய்ச்செல் என்று பெயர். உள்ளே இருக்கிறதைச் சுற்றி முதலில் ஒரு மெல்லிய சுவர். அதற்கு மேலே தடிமனாக இன்னொரு சுவர். இதில் குறுக்கு இழைகள் குறைவு, பின்னல் நெகிழ்வு. அதற்கும் மேலே அடுக்கடுக்காகப் புரத உறைகள். உள்ளே இருந்த தண்ணீர் முக்கால்வாசி வெளியேறிவிடும். ஒன்றும் ஓடாது, ஒன்றும் தின்னாது, மூச்சும் விடாது. கொதிக்கிற தண்ணீர், சாராயம், ஐஸ் எதுவும் அதை அசைக்காது. எல்லாம் கட்டி முடித்த பிறகு தாய் தன் சுவரைத் தானே கரைத்துக்கொண்டு வெடித்துப் போகும். வித்து மண்ணில் விழும். எத்தனையோ வருஷம் கழித்து ஈரமும் தீனியும் கிடைத்தால், கொஞ்ச நேரத்தில் உறையை உடைத்துக்கொண்டு பழையபடி எழுந்துவிடும்.

எந்த வருஷமானாலும் ஏதாவது ஒரு பெண் எழுந்து கேட்கும்: "அம்மா செத்துடுமா மிஸ்?"

"மார்க்குக்கு அது போதாது, உறையோட பேரெல்லாம் வரிசையா எழுது" என்று நான் சிரித்துக்கொண்டே சொல்வேன். இப்போது சிரிப்பதில்லை. கேட்டால் அடுத்த படத்துக்குப் போய்விடுகிறேன்.

அண்ணனின் நிலம் கனகம்மாசத்திரம் போகிற வழியில் இருக்கிறது. நைனா போன பிறகு அவன் பார்த்தான். பத்தாவதோடு படிப்பை விட்டவன். நான் எம்.எஸ்சி. படித்தது அவன் ஊற்றிய பாலில்தான். அவனுக்கும் அண்ணிக்கும் குழந்தை இல்லை. ஐந்து மாடுகள் இருந்தன. மாடுதான் அவனுக்கு எல்லாம் என்று சொன்னால் சும்மா பேச்சுக்குச் சொல்கிற மாதிரி இருக்கும், ஆனால் அது அப்படியே உண்மை. கல்யாணத்துக்கு, காரியத்துக்கு எங்கே போனாலும் பால் கறக்கிற நேரத்துக்குள் ஓடி வந்துவிடுவான். மாட்டிடம்தான் மனசு விட்டுப் பேசுவான், அண்ணி அதைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில் இருப்பாள். எந்தப் பசு ஈன்றாலும் சீம்பால் தீர்ந்ததும் முதல் சொம்பு பால் மலைக்குப் போகும், முருகனுக்கு. இன்றைக்கு அந்தக் கொட்டகையில் ஒரு மாடும் இல்லை.

கோடைமழை ஒன்று அடித்து ஓய்ந்த மறுநாள் காலை, வகுப்பில் இருக்கும்போது போன் வந்தது. அண்ணன் காலேஜ் நேரத்தில் போன் பண்ணுகிறவன் இல்லை. எடுத்தேன்.

"பாப்பா, செவலை போய்ட்ச்சி."

செவலை அவன் மாடுகளில் மூத்தது. வீட்டிலேயே பிறந்து வளர்ந்தது.

"இன்னாண்ணா சொல்ற? நேத்து நல்லாத்தான இருந்தா?"

"சாய்ந்தரம் கூட பால் குட்த்தா. காலைல வந்து பாக்கறேன், கால நீட்டிகினு கெடக்கறா. மூக்குல ரத்தம் வந்துகினே கீது பாப்பா. கருப்பா. உறையவே மாட்டேங்குது."

எனக்கு எதிரில் பிள்ளைகள் இருப்பதே மறந்துவிட்டது. "யாரும் கைய வெக்கக் கூடாது! தோல உரிக்க எவன் வந்தாலும் உள்ள வுடாத! வயித்தக் கிழிச்சி பாக்கலாம்னு எவனாவது சொன்னா தொரத்து! கேக்குதா?"

"கேக்குது பாப்பா. தெருவுக்கே கேக்குது."

அடைப்பான் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். ஆடு மாட்டை நின்ற இடத்தில் சாய்க்கிற நோய். அந்தக் கிருமியும் வித்து ஆகிற சாதிதான். ஆனால் அதற்கு வித்து ஆகக் காற்று வேண்டும். செத்த மாட்டின் உடம்புக்குள் காற்று இல்லை. மூடின உடம்பை மூடினபடியே விட்டால், அழுகலில் வளர்கிற மற்ற கிருமிகள் சில நாளில் இதைக் கொன்றுவிடும். கிழித்தால் போச்சு. ரத்தம் காற்றில் பட்ட உடனே ஒவ்வொன்றும் சுவருக்குள் சுவர் கட்டிக்கொண்டு மண்ணுக்குப் போய்விடும். அதனால்தான் நான் அப்படிக் கத்தினேன்.

கால்நடை டாக்டர் வந்தார். காது நரம்பில் ஊசியால் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் தடவினார். குத்தின இடத்தில் பஞ்சை வைத்து அழுத்தி மருந்து போட்டார். சாயங்காலம் அவரே போன் செய்து அடைப்பான்தான் என்றார். அதற்குள் செத்த மாட்டை விலைக்கு வாங்கிப் போக ஒரு டெம்போ வந்திருக்கிறது. அண்ணன் அதை ரோட்டிலேயே மறித்து அனுப்பிவிட்டான். ஜேசிபி வைத்து ஆள் உயரத்துக்கு மேல் குழி தோண்டி, செவலையை அப்படியே இறக்கி, மூக்கு ரத்தம் சிந்தின மண்ணையும் மருந்து ஊற்றி வாரிக் குழியிலேயே போட்டார்கள். "உங்க அண்ணன் மாதிரி சொன்ன பேச்ச கேக்கறவங்க கம்மி மேடம்" என்றார் டாக்டர். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அடுத்த நாள் வகுப்பில் வித்துப் பாடத்தை விட்டுவிட்டு அண்ணன் கதையைச் சொன்னேன். பத்தாவது படித்தவர், ஒரு வயலையே காப்பாற்றிவிட்டார் என்று சொன்னேன்.

ஒரு வாரம் போலக் கழித்து அண்ணி கூப்பிட்டாள். "உங்கண்ணன் கையில ஏதோ பூச்சி கட்ச்சிருக்கு பாப்பா. வீங்கிக்கினே போவுது. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா மாட்டேன்றாரு. நீ வந்து ஒரு சத்தம் போடேன்."

போனேன். இடது கையில், கட்டைவிரலுக்குக் கீழே காசு அகலத்துக்குக் கறுத்துப் பொருக்கு தட்டியிருந்தது. சுற்றிலும் சின்னச் சின்னக் கொப்புளம். முழங்கை வரை வீக்கம்.

"வலிக்குதாண்ணா?"

"வலியே இல்ல பாப்பா. அதான் வுட்டுட்டேன்."

எனக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னான். அவ்வளவு கறுத்த புண் வலிக்காமல் இருந்தால் அது என்ன என்று எனக்குத் தெரியும். ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாடு செத்ததைச் சொன்னதும் அங்கிருந்த டாக்டர் உடனே பென்சிலின் போட்டார். அது ஒன்றுதான் எங்களுக்கு நல்லபடியாக நடந்தது. உடம்புக்குள் வித்து விழித்துச் சாதாரணச் செல்லாகிவிட்டால் அதற்குச் சுவர் கட்டியாக வேண்டும், கட்டப் போனால் பென்சிலின் பிடித்துக்கொள்ளும். அண்ணன் பிழைத்தான். தழும்பு இன்னும் இருக்கிறது.

ஊசி போட்டுவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை.

"கையில கவர் போட்டுகினுதான எறக்குன? அப்புறம் எப்டி வந்துச்சி?"

அண்ணன் சுவரைப் பார்த்தான். அண்ணி அவனைப் பார்த்தாள். "சொல்லிடுங்களேன். பாப்பாதான" என்றாள்.

"காத மட்டும் எட்த்தேன்" என்றான் அண்ணன்.

எங்கள் பக்கத்தில் மாட்டுக்கு இன்ஷூரன்ஸ் போட்டால் காதில் மஞ்சளாக ஒரு வில்லை குத்துவார்கள். மாட்டுக் கம்மல் என்று கேலியாகச் சொல்வோம். சில வருஷங்களுக்கு முன்னால் அண்ணனின் மாடு ஒன்று கன்று போட முடியாமல் செத்தது. புதைத்துவிட்டான். அதற்கப்புறம் விசாரிக்க வந்த இன்ஷூரன்ஸ்காரர் காதுவில்லை எங்கே என்றார். குழிக்குள்ளே என்றான். வில்லை இல்லையென்றால் ஒன்றும் செய்ய முடியாது என்று போய்விட்டார். அன்றிலிருந்து எங்கள் ரோட்டோரத்து ஊர்களில் யார் மாடு செத்தாலும், புதைப்பதற்கு முன்னால் வில்லையோடு காதை அறுத்து எடுத்து வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. வில்லையை மட்டும் கழற்றினால் எந்த மாட்டு வில்லை என்று சந்தேகப்படுவார்களாம், அதனால் காதோடு. சிலர் உப்பில் போட்டு வைப்பார்கள்.

"நீ வயித்தக் கிழிக்காதன்ன, கிழிக்கல. தோல உரிக்காதன்ன, உரிக்கல. காது எத்தினி பெருசு பாப்பா? டாக்டரே காதுலதான குத்தி ரத்தம் எட்த்தாரு?" என்றான் அண்ணன். டாக்டர் கிளம்பிய பிறகு, ஜேசிபிக்காரர் டீ குடிக்கப் போன நேரத்தில், அருவாளால் ஒரே இழுப்பு. அப்போது கவர் கிழிந்து கையிலும் கீறியிருக்கிறது.

அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. டாக்டரின் ஊசி ஓட்டைக்குப் பஞ்சு இருந்தது, மருந்து இருந்தது. இவன் அருவாளுக்கு என்ன இருந்தது?

"அந்தக் காது எங்க?"

"பிரிட்ஜ்ல."

வீட்டுக்கு வந்து பிரீசரைத் திறந்தேன். ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில், பாலிதீன் கவரில் முடிச்சுப் போட்டு, மஞ்சள் வில்லையும் செவலையின் காதும் இருந்தன. காதின் ஓரத்து முடி அப்படியே சிவப்பாக இருந்தது. கீழ்த்தட்டில் தயிர்க் கிண்ணம். பிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், குளிர் காலில் இறங்கிக்கொண்டிருந்தது.

"ரத்தமாவா உள்ள வெச்ச?"

"சே, கழுவிட்டுத்தான் வெச்சேன். நானு இன்னா அவ்ளோ அசிங்கம் புடிச்சவனா?"

"எங்க கழுவின?"

"தொட்டியில."

மோட்டார் போட்டால் தண்ணீர் விழுகிற சிமென்ட் தொட்டி. அதிலிருந்து வாய்க்கால் நேராகத் தீவனப்புல்லுக்குப் போகும். மாட்டுக்கென்றே அவன் வைத்த புல், இடுப்பளவு நிற்கும். காதையும் அருவாளையும் கையையும் தொட்டியில் கழுவி, அந்தத் தண்ணீரைப் புல்லுக்குத் திறந்துவிட்டிருக்கிறான். தண்ணீரை வீணாக்கக் கூடாதாம்.

அன்றைக்கு நான் போட்ட சத்தத்தை இப்போது நினைத்தாலும் தொண்டை எரிகிறது. "ஆண்டவா, ஒரு மாட்டக் கிழிக்காம காப்பாத்திட்டு ஒரு காதுல கொண்டு போய் எல்லாத்தையும் கொட்டிட்டியேண்ணா!" என்று கத்தினேன். அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் தனியாக ஒரு குழி வெட்டி, காதை வில்லையோடு அதில் வைத்து, விறகு அடுக்கி, டீசல் ஊற்றிக் கொளுத்தினேன். மஞ்சள் வில்லை உருகிச் சுருண்டதை அவன் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் அறுத்ததே அதற்காகத்தான். அதற்குப் பிறகு செவலைக்காக அவன் எந்த ஆபீசுக்கும் போகவில்லை, வில்லை இல்லாமல் போய் என்ன பிரயோஜனம் என்று இருந்துவிட்டான்.

கால்நடை டாக்டரிடம் அண்ணன் கையில் புண் வந்ததையும் தண்ணீர் புல்லுக்குப் போனதையும் சொன்னேன். அவர் மற்ற நான்கு மாட்டுக்கும் தடுப்பூசி போட்டார், புல்லை அடியோடு எரிக்கச் சொன்னார். தொட்டியை மருந்து போட்டுத் தேய்த்தோம். ஆனால் மண்ணை என்ன செய்வது? மண்ணைத் தேய்த்துக் கழுவ முடியுமா?

அண்ணன் எரிந்த வயலின் வரப்பில் நின்றுகொண்டு கேட்டான். "எவ்ளோ நாளு ஆவும் பாப்பா? ஒரு போகம் வுட்டா போதுமா?"

"தெரியாதுண்ணா."

"ரெண்டு வருஷம்? நீ படிச்சவ, சொல்லு."

"நீயும் நானும் செத்துப் போனாலும் அது அங்கயே இருக்கும்! போதுமா?"

கத்திச் சொன்னேன். அதனால் நம்பினான். அன்றைக்கு ராத்திரி அவன் சாப்பிடவில்லை என்று அண்ணி சொன்னாள்.

அதற்குப் பிறகு அவனுக்கு ஒரே பிடிவாதம், அதைப் பார்க்க வேண்டும். "கண்ணால பாக்காத ஒண்ணுக்கு எத்தினி நாளு பயந்துகினு இருக்கறது?" என்றான். அடைப்பான் கிருமியை எங்கள் லேபில் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. வைக்கோலில் இருக்கிற சாது பாக்டீரியா ஒன்று உண்டு, அதுவும் இதே மாதிரிதான் வித்து கட்டும். ஒரு விடுமுறை நாளில் அவனைக் கல்லூரிக்கு அழைத்துப் போனேன். லேப் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். வேண்டாம்ணா, போட்டுக்கோ என்றாலும் கேட்கவில்லை. கண்ணாடித் துண்டில் பச்சைச் சாயத்தை ஊற்றி ஆவி பறக்கச் சூடு காட்டினேன். அந்தச் சூட்டில்தான் சாயம் உறைக்குள் போகும். போனது வராது. பிறகு தண்ணீரில் அலசினால் செல்லிலிருந்து பச்சை போய்விடும், வித்தில் நிற்கும். செல்லுக்கு வேறு சிவப்பு ஏற்றலாம்.

மைக்ராஸ்கோப்பில் குனிந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவனுக்குத் தெரிந்தது.

"செவப்பா குச்சி குச்சியா கீது. நடுவுல பச்சையா பொட்டு."

"பொட்டுதான் வித்து. குச்சி அதோட அம்மா."

"அம்மா வயித்துலயேவா கீது?"

"ஆங். சில எடத்துல பச்ச மட்டும் தனியா கெடக்கும் பாரு. அதுக்கு அம்மா வெடிச்சிப் போயிட்ச்சி."

அவன் வெகுநேரம் தலையை எடுக்கவில்லை. பிறகு, "இதுக்கு இன்னா வேணும் பாப்பா?" என்றான்.

"எதுவும் வேணாம்ணா. தண்ணி வேணாம், தீனி வேணாம். சும்மா கெடக்கும்."

"எதுனா வேணும்னு கேட்டா பட்டினி போட்டாவது கொல்லலாம்" என்றான். செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டான். நான் கொடுத்த காபியையும் குடிக்கவில்லை.

ஒரு வருஷம் ஓடியது. அந்த வயலில் அவன் காலே வைக்கவில்லை. தீவனத்தை வெளியிலிருந்து வாங்கிப் போட்டான். நான்கு மாடும் நன்றாக இருந்தன. கறுப்புப் பசு சினையாகி நிறைமாதம் ஆனது. அண்ணனுக்கு முகத்தில் கொஞ்சம் களை வந்தது, ஆடிக் கிருத்திகைக்கு இந்தத் தடவை காவடி எடுக்கிறேன் என்றுகூடச் சொன்னான். மறு வருஷத் தடுப்பூசி போட வந்தபோது கறுப்பிக்கு மட்டும் போடவில்லை. நிறைசினைக்கு வேண்டாம், ஈன்ற பிறகு போடலாம் என்றார்கள். அதுதான் சரி, நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மறுபடியும் கோடைமழை. மேலே இருக்கிற தீவன வயலிலிருந்து மண்ணைக் கரைத்துக்கொண்டு தண்ணீர் கீழ் வரப்புக்கு இறங்கியது. சில நாளில் அந்த வரப்பில் புதுப்புல் எழுந்தது. கறுப்பியை வழக்கமாக அங்கேதான் கட்டுவான், அது தீவன வயல் இல்லையே. யாரைச் சொல்லி என்ன? மழையையா சொல்ல முடியும்?

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் அங்கே இருந்தேன். காலையில் கறுப்பி அசை போடவில்லை. உடம்பு நெருப்பாகச் சுட்டது, தொடை வெடவெடவென்று ஆடியது. டாக்டருக்குப் போன் போட்டோம், இதோ வருகிறேன் என்றார். அவர் வண்டி வருவதற்குள் கறுப்பி முன்னங்காலை மடித்துச் சாய்ந்துவிட்டது. மூக்கில் அதே கறுத்த ரத்தம். அண்ணன் கையில் கவர் போட்டுக்கொண்டு பக்கத்தில் முட்டி போட்டிருந்தான். அது முழுசாக அடங்கின பிறகு பார்த்தால், விலாவுக்குக் கீழே வயிறு அசைந்தது.

"கன்னு!" என்று அலறினாள் அண்ணி. "கன்னு துள்ளுதுங்க! உசுரோட கீதுங்க! கிழிங்க, எட்த்துடலாம்!"

அருவாள் கொட்டகைக் கம்பத்தில் செருகியிருந்தது. அண்ணன் எழுந்து எடுத்துவிட்டான். கறுப்பியின் வயிற்றுக்கு எதிரில் வந்து நின்று, என்னைப் பார்த்தான்.

"பாப்பா?"

"வேணாம்!" என்று கத்தினேன். "வேணாம்ணா! வேணாம்!"

அருவாளைக் கீழே போட்டுவிட்டான். முட்டி போட்டு இரண்டு கையையும் அந்த வயிற்றின் மேல் வைத்துக்கொண்டான். உள்ளே உதைத்தது. கையை எடு என்று நான் சொல்லவில்லை. அண்ணி தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். உதைப்பு நிற்கும் வரைக்கும் அவன் கையை எடுக்கவில்லை. நின்ற பிறகும் கொஞ்ச நேரம் வைத்திருந்தான். பாடத்திலாவது தாய் செத்தால் உள்ளே இருந்தது வெளியே வரும்.

டாக்டர் வந்தார். பார்த்ததும் அவருக்கே முகம் விழுந்துவிட்டது. காது நரம்பில் குத்தி ஒரு சொட்டு எடுத்தார், பஞ்சை வைத்து அழுத்தினார். பிறகு போனை எடுத்து, காதைத் திருப்பி, மஞ்சள் வில்லையை ஒரு போட்டோ, மாட்டை முழுசாக ஒரு போட்டோ எடுத்தார்.

"பொதைச்சிடலாம்ங்க. இன்ஷூரன்ஸுக்கு நாளைக்கு ஆபீஸ் வந்து சர்டிபிகேட் வாங்கிக்குங்க" என்றார்.

"காது?" என்றான் அண்ணன்.

"காது எதுக்குங்க? இந்த நோய்னு எழுதிட்டா போட்டோ போதும். போன தபா செவலைக்கும் இதே மாதிரி போட்டோ எடுத்து, சர்டிபிகேட்டோட வெச்சிருந்தேனே. நீங்கதான் வரவே இல்ல."

டாக்டர் தண்ணீர் கேட்டார், அண்ணன் போய் எடுத்து வந்து கொடுத்தான்.

செவலையின் குழிக்குப் பக்கத்திலேயே ஜேசிபி இன்னொரு குழி தோண்டியது. கறுப்பியைக் காதும் வில்லையும் கன்றுமாக இறக்கினோம். மீதி மூன்று மாட்டையும் கொஞ்ச நாள் தள்ளி வைத்துப் பார்த்துவிட்டு மணவூரில் இருக்கிற அண்ணியின் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று டாக்டரோடு பேசி முடிவு செய்தேன். அண்ணன் அதற்கும் சரி என்று தலையாட்டினான். இனி அவனுக்குக் காலையில் எழுந்து செய்வதற்கு எதுவும் இருக்காது. அது எனக்கும் தெரியும், அண்ணிக்கும் தெரியும்.

எல்லாரும் போன பிறகு அவன் தொட்டிக் கட்டையில் உட்கார்ந்திருந்தான். மலையில் விளக்கு போட்டிருந்தார்கள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இடது கையின் தழும்பை வலது கையால் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"பாப்பா."

"இன்னாண்ணா?"

"அப்பவும் காது தேவையே இல்லியா?"

என் வாழ்நாளில் அதுவரை அவனிடம் நான் பொய் சொன்னதில்லை. "அப்ப ரூல் வேறண்ணா" என்றேன். "அப்பல்லாம் காது கேட்டாங்க. இந்த வருஷம்தான் மாத்தியிருக்காங்க. அவரு மறந்துட்டு சொல்றாரு."

அவன் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"சத்தமா சொல்லு பாப்பா."

வாயைத் திறந்தேன். எனக்குக் குரல் வரவில்லை.